ஊரைக் கட்டினார், ஓட்டை விட்டுக்கொடுத்தார்

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் தங்கள் வம்சத்தைத் தேடிப் போனால், பெரும்பாலும் 1870-ஆம் ஆண்டில் முட்டி நின்றுவிடுவார்கள். 1850, 1860 ஆண்டுகளில் எடுத்த அடிமைக் கணக்கில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் ஆகியவை மட்டும் இருக்கும். அடிமைக்குப் பெயர் எழுதும் வழக்கமில்லை. அந்த மக்கள் பெயரோடு அரசுக் கணக்கில் ஏறியது 1870-இல்தான்.

அதற்கு முந்தைய தலைமுறையையும் பெயரோடு சொல்ல முடிகிற குடும்பங்கள் சில உண்டு. மிசிசிப்பி மாநிலத்தின் மான்ட்கோமரி குடும்பம் அவற்றில் ஒன்று. மவுண்ட் பாயூ என்ற கறுப்பின மக்களின் ஊரை நிறுவிய ஐசையா மான்ட்கோமரி இந்தக் குடும்பத்தில் பிறந்தவர்.

கதை தந்தையிடம் தொடங்குகிறது. பெஞ்சமின் மான்ட்கோமரி 1819-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தார். இளம் வயதிலேயே மிசிசிப்பிக்கு விற்கப்பட்டார். அவரை வாங்கிய ஜோசப் டேவிஸ் பெரிய பருத்திப் பண்ணைக்காரர். பிற்காலத்தில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கு அதிபரான ஜெஃபர்சன் டேவிஸின் அண்ணன்.

பெஞ்சமின் தப்பி ஓடிப் பார்த்தார், பிடிபட்டார். பிறகு அதே பண்ணையில் எழுத்தும் கணக்கும் கற்று, கடை நடத்தி, இயந்திர வேலையிலும் தேர்ந்தார். ஆழம் குறைந்த ஆற்றில் படகு செலுத்த ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். அடிமை இந்த நாட்டின் குடிமகன் அல்ல என்று சொல்லி அரசு அவருக்குக் காப்புரிமை தர மறுத்தது.

1847-இல் பிறந்த ஐசையாவை ஒன்பது, பத்து வயதிலேயே முதலாளி தன் வீட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார். கடிதங்களை எடுத்துக்கொடுப்பதும் நகல் எழுதுவதும் வேலை. அந்த வீட்டு நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் சிறுவன் படித்தான்.

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது, அடிமை முறை ஒழிந்தது. மறு ஆண்டே ஜோசப் டேவிஸ் தன் நிலத்தை பெஞ்சமினுக்கே விற்றார். சுமார் 4,000 ஏக்கர், விலை 3 லட்சம் டாலர், எல்லாம் கடன். கறுப்பின மக்கள் கைக்குக் கிராமத்து நிலம் போகாமல் தடுக்கும் சட்டங்கள் அப்போது இருந்ததால் கிரயம் முதலில் ரகசியமாகவே இருந்தது.

அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’ நூலைக் காணிக்கையாக்கிய ஆண்டு 1873. அந்த ஆண்டுகளில் மான்ட்கோமரி குடும்பம் மிசிசிப்பியின் பெரிய பருத்தி விவசாயக் குடும்பங்களில் ஒன்றாக இருந்தது. ஆனால் வெள்ளமும் பருத்தி விலை வீழ்ச்சியும் கடனைத் தீர்க்க விடவில்லை. 1877-இல் பெஞ்சமின் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் நிலம் மீண்டும் டேவிஸ் குடும்பத்துக்கே போனது.

கைவிட்டுப் போன நிலத்துக்கு மாற்றாகத்தான் ஐசையா ஊர் தேடினார். மெம்பிஸ் நகருக்கும் விக்ஸ்பர்க் நகருக்கும் இடையே புதிதாக ரயில் பாதை போட்டிருந்தார்கள். பாதை ஓரத்து நிலத்தை விற்க ரயில் நிறுவனத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அது சதுப்பும் அடர்ந்த காடும் மலேரியாவும் நிறைந்த பகுதி. வெள்ளையர் வரத் தயங்கிய அந்த இடத்தை 1887-இல் ஐசையாவும் அவருடைய உறவினர் பெஞ்சமின் கிரீனும் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் வாங்கியது 840 ஏக்கர். இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் பூர்வகுடிகள் எழுப்பிய மண்மேடு ஒன்று இருந்தது. மேட்டையும் ஓடையையும் சேர்த்து ஊருக்கு மவுண்ட் பாயூ என்று பெயர் வைத்தார்கள்.

வந்தவர்கள் மரம் வெட்டி விற்றுத் தவணை கட்டினார்கள். வெட்டிய இடத்தில் பருத்தி போட்டார்கள். 1898-இல் ஊருக்கு உள்ளாட்சித் தகுதி கிடைத்தது. முதல் மேயர் ஐசையா. பள்ளி, தேவாலயம், கடைகள், 1904-இல் ஒரு வங்கி என ஊர் வளர்ந்தது. மேயரும் போலீஸ்காரரும் தபால் அதிகாரியும் கறுப்பினத்தவர்கள். கறுப்பின மனிதரை மரத்தில் தொங்கவிட்டுக் கொல்வது சாதாரணமாக நடந்த மாநிலத்தில் அந்த ஊருக்குள் மட்டும் தலைநிமிர்ந்து நடக்க முடிந்தது.

ஆனால் ஐசையாவின் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1890-இல் மிசிசிப்பிக்குப் புதிய அரசியலமைப்பு எழுத மாநாடு கூடியது. பிரதிநிதிகள் 134 பேர். அவர்களில் ஒரே கறுப்பினப் பிரதிநிதி ஐசையா. மாநாட்டின் முக்கிய நோக்கம் கறுப்பின மக்களின் ஓட்டைப் பறிப்பது. இனத்தின் பெயரைச் சொல்லாமலே அதற்கு வழி கண்டார்கள். ஓட்டுப் போட 2 டாலர் தலைவரி கட்ட வேண்டும். அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். சொன்ன பொருள் சரியா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி.

ஐசையா அதை ஆதரித்துப் பேசினார், ஆதரித்தே வாக்களித்தார். அரசியலை விட்டு ஒதுங்கினால் நிலத்தையும் ஊரையும் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. கறுப்பின மக்களின் பெருந்தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் அந்தச் செயலைக் கண்டித்தார். பின்னர் மற்ற தெற்கு மாநிலங்களும் மிசிசிப்பியின் வழியில் சட்டங்கள் எழுதின. 1898-இல் உச்ச நீதிமன்றமும் இதற்கு இடம் கொடுத்தது.

விலையைப் பிற்காலத்தவர் கொடுத்தார்கள். ஐசையா 1924-இல் இறந்தார். 1962-இல், மவுண்ட் பாயூவுக்கு அடுத்த மாவட்டத்தில், ஃபேனி லூ ஹேமர் என்ற பண்ணைத் தொழிலாளி ஓட்டுரிமை கேட்டுப் பதிவு அலுவலகம் போனார். அரசியலமைப்பின் ஒரு பிரிவுக்குப் பொருள் சொல்லச் சொன்னார்கள். சொல்ல முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 18 ஆண்டு உழைத்த பண்ணையிலிருந்தும் அன்றே வெளியேற்றப்பட்டார். 1890-இல் ஐசையா கைதூக்கிய விதி, 72 ஆண்டு கழித்து அந்தப் பெண்ணின் வழியை மறித்தது. ஹேமர் போன்றவர்கள் அடிபட்டுச் சிறைப்பட்டுப் போராடியதன் பலன்தான் 1965-இன் வாக்குரிமைச் சட்டம்.

ஐசையாவின் ஊரும் அந்தப் போராட்டத்துக்கு உதவியது. 1942-இல் கறுப்பின மக்களே பணம் திரட்டி அங்கே மருத்துவமனை கட்டினார்கள். 1955-இல் 14 வயது எம்மெட் டில் கொல்லப்பட்ட வழக்கு நடந்தபோது, சிறுவனின் தாய் பாதுகாப்பாகத் தங்கியது இந்த ஊரில்தான். ஃபேனி லூ ஹேமர் 1977-இல் கண்மூடியதும் மவுண்ட் பாயூ மருத்துவமனையில்தான்.

நிலம் இருந்ததால் அந்த ஊர் மக்களால் அடைக்கலம் தர முடிந்தது. ஓட்டு இல்லாததால் ஊர் எல்லையைத் தாண்டி எதையும் மாற்ற முடியவில்லை. பட்டாவுக்காக ஓட்டை விட்டுக்கொடுக்கச் சொல்பவர்கள் எந்தக் காலத்திலும் வருவார்கள். அப்போது நம் பிள்ளைகள் ஐசையாவின் ஊரையும் நினைக்க வேண்டும், அவர் போட்ட வாக்கையும் நினைக்க வேண்டும்.