சாரணத் தந்தை பேடன் பவல்

போர் வீரர்க்கென எழுதப்பட்ட ஒரு நூலைச் சிறுவர்கள் எடுத்து விளையாடத் தொடங்கினர். அதைக் கண்டு வியந்த ஆசிரியர், தம் எஞ்சிய வாழ்நாளை அச்சிறுவர்களுக்கே அளித்தார். அவரே சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல். அவருடைய வரலாற்றை நம் சங்க மலரில் எழுத முற்பட்டது, அவரைப் புகழ்வதற்காக மட்டுமன்று. அவர் காட்டிய நெறியில் நாம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று காண்பதே என் நோக்கம்.

இளமை

இராபர்ட் பேடன் பவல் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் வடிவ கணிதப் பேராசிரியர். மகனுக்கு மூன்று வயதாகும்போதே அவர் மறைந்தார். பெரிய குடும்பத்தின் பாரம் முழுவதையும் தாயார் தாங்கினார்.

சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் பயின்ற காலத்தில், வகுப்பறையைவிட அருகிலிருந்த காடே அவருக்குச் சிறந்த பள்ளியாயிற்று. ஆசிரியர் கண்ணில் படாமல் அங்கே ஒளிந்து திரிவார், முயல் பிடிப்பார், புகை எழாதபடி தீ மூட்டிச் சமைப்பார். பிற்காலத்தில் உலகெங்கும் சிறுவர்கள் கற்ற பாடங்களின் வித்து அக்காட்டிலே விழுந்தது.

ஆக்ஸ்போர்டில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் இராணுவத் தேர்வில் உயர்ந்த இடம் பெற்று, 1876-ல் நம் நாட்டின் இலக்னோ நகருக்கு வந்து குதிரைப் படையில் சேர்ந்தார்.

படைவீரர்

உளவு பார்ப்பதில் அவர் வல்லவர். பட்டாம்பூச்சி சேகரிப்பவர்போல் நடித்து, பகைவர் கோட்டையின் அமைப்பைப் பூச்சியின் சிறகுக் கோடுகளுக்குள் மறைத்து வரைந்ததாக அவரே எழுதியுள்ளார். வீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, சுவடு காணவும், கண்டதைக் கொண்டு காணாததை ஊகிக்கவும் பழக்கினார். அப்பயிற்சி முறைகளைத் தொகுத்து 1899-ல் ஒரு கையேடு வெளியிட்டார்.

அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. மாபெகிங் என்னும் சிற்றூரை எதிரிகள் 217 நாட்கள் முற்றுகையிட்டனர். ஊரைக் காத்து நின்ற பேடன் பவல், 1900 மே மாதம் முற்றுகை நீங்கியதும் இங்கிலாந்தின் பெருவீரரானார். அங்கே சிறுவர் படை ஒன்று செய்தி கொண்டு செல்லுதல் முதலிய பணிகளை அஞ்சாமல் செய்தது. பொறுப்பை ஒப்படைத்தால் சிறுவரும் பெரியோர்போல் நடப்பர் என்பதை அவர் அங்கே கண்டார்.

ஆனால் அதே முற்றுகையில், வெள்ளையரைவிடக் குறைந்த உணவே கிடைத்த ஆப்பிரிக்க மக்கள் பலர் பட்டினியால் மாண்டனர். இதையும் சொல்லாவிட்டால் வரலாறு முழுமையாகாது.

பிரௌன்ஸீ தீவு

தாயகம் திரும்பியவர், தம் இராணுவக் கையேட்டைச் சிறுவரும் ஆசிரியரும் ஆவலோடு படிப்பதைக் கண்டார். கொல்லும் கலையை நீக்கிவிட்டுக் காக்கும் கலையை மட்டும் கற்பித்தால் என்ன என்று எண்ணினார். 1907 ஆகஸ்டு மாதம் பிரௌன்ஸீ தீவில் சுமார் இருபது சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் உறங்கினர். வர்க்க வேற்றுமை தலைவிரித்தாடிய இங்கிலாந்தில் இது ஒரு புரட்சியே.

சிறுவர்கள் ஓநாய், காளை, காக்கை, உள்ளான் என நான்கு அணிகளாயினர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். இந்த அணிமுறையே சாரணத்தின் உயிர்நாடி. ஆசிரியர் ஆணையிட நாற்பது பேர் கைகட்டி நிற்கும் முறைக்கு இது நேர்மாறு; ஆறேழு பேர் தமக்குள்ளே வேலையைப் பகிர்ந்து, தம் தவற்றைத் தாமே திருத்திக்கொள்ளும் முறை.

1908-ல் சிறுவர்க்கான சாரண நூலை ஆறு பகுதிகளாக வெளியிட்டார். ஊருக்கு ஊர் அணிகள் முளைத்தன. 1909-ல் இலண்டனில் நடந்த பேரணியில் சிறுமியரும் அழைப்பின்றியே வந்து நின்றனர். அவர்களுக்கெனத் தனி இயக்கம் அடுத்த ஆண்டே தோன்றியது. 1920-ல் உலகத் தலைமைச் சாரணராக அவர் அறிவிக்கப்பட்டார்.

நம் நாட்டில்

1909-ல் பெங்களூரில் தொடங்கிய சாரணம் ஐரோப்பியச் சிறுவர்க்கும் ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்க்கும் மட்டுமே உரியதாயிருந்தது. நம் சிறுவர்க்கு இடமில்லை. அடிமை நாட்டு இளைஞர் ஒன்றுகூடிக் கட்டுப்பாடு பயின்றால் என்னவாகும் என்று ஆட்சியாளர் அஞ்சினர் போலும்!

கதவு திறக்கும் என்று நம்மவர் காத்திருக்கவில்லை. 1913-ல் ஷாஜஹான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் ஒரு படையை அமைத்தார். 1917-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அலகாபாத்தில் மாளவியாவும் குன்ஸ்ருவும் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தைக் கண்டனர். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அம்மையாரின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி தனித்தே நின்றது.

இந்தியரின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் பின்னாளில் வெளியிட்ட கருத்து நம் நாட்டில் கண்டனத்தைக் கிளப்பியது. 1938-ல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் எழுந்தது. விடுதலைக்குப் பின் நேரு, ஆசாத் ஆகியோரின் முயற்சியால் சங்கங்கள் ஒன்றாகி, 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரண இயக்கம் பிறந்தது. ஏகாதிபத்தியத்தின் படைவீரர் நட்ட மரம் இவ்வாறு நம் மண்ணில் நம் மரமாயிற்று. அவரோ கென்யாவில் நியேரி என்னும் ஊரில் 1941 ஜனவரி 8-ஆம் நாள் கண் மூடினார்.

நமக்கு என்ன பயன்?

முடிச்சுப் போடவும், முதலுதவி செய்யவும், வரைபடம் பார்த்து வழி காணவும் சாரணம் கற்றுத் தருகிறது. இருபதுக்கு மேற்பட்ட பொருள்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மூடியபின் நினைவிலிருந்து எழுதும் விளையாட்டு ஒன்று அதில் உண்டு. அறிவியல் மாணவனான எனக்கு இது விளையாட்டாகத் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் முதலில் பழக வேண்டியதே இந்தக் கூர்ந்த நோக்குத்தான்.

மற்றொரு பயன் நமக்கே உரியது. தமிழகத்தைவிட்டு வந்து படிக்கும் நாம், மாலை நேரங்களை நம் மொழி பேசுவோர் அறைகளிலேயே கழித்துவிடுகிறோம். பக்கத்து அறை வங்காளியையும் பஞ்சாபியையும் உணவு விடுதியில் பார்ப்பதோடு சரி. ஒரே கூடாரத்தில் தங்கி, ஒரே பானையில் பொங்கி உண்டால் இந்தச் சுவர் எத்தனை நாள் நிற்கும்? இது தமிழ்ப் பற்றுக்கு மாறானதன்று. தமிழனைப் பிறர் அறிய அதுவே நல்ல வழி.

சாரணம் சிறுபிள்ளை விளையாட்டு என்று தோழர்கள் ஒதுக்க வேண்டாம். நம் வயதினருக்கெனத் திரிசாரணர் பிரிவு இருக்கிறது. அதன் குறிக்கோள் சேவை. திருவிழாக் கூட்டத்தில் வழி தவறிய குழந்தையைத் தாயிடம் சேர்க்கவும், வெள்ளம் வந்த ஊரில் உணவு சுமக்கவும் கைகள் வேண்டும். அவற்றுள் நம் கைகளும் இருக்கட்டும்!