வானத்தைப் பாடிய வாலிபர்

விமானம் ஓட்டுகிறவர்கள் பலருக்கு மனப்பாடமாகத் தெரிந்த கவிதை ஒன்று உண்டு. அதில் 14 அடிகள்தான். அதை எழுதிய வாலிபருக்கு அப்போது வயது 19. எழுதிய சில மாதங்களில் அவர் மாண்டு போனார். எதிரியின் குண்டுக்கு அல்ல. பயிற்சியில் நேர்ந்த விபத்துக்கு!

அவர்தான் ஜான் கில்லெஸ்பி மகீ.

சீனாவில் பிறந்தவர்

1922-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி, சீனாவில் ஷாங்காய் நகரில் மகீ பிறந்தார். தந்தை அமெரிக்கர், தாய் இங்கிலாந்து நாட்டவர். கிறிஸ்தவ மதத் தொண்டு செய்யச் சீனாவுக்குச் சென்றவர்கள்.

மகீ இங்கிலாந்தில் ரக்பி பள்ளியில் படித்தார். 1939-ல் அந்தப் பள்ளியின் கவிதைப் பரிசைப் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்றார். புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித் தொகையும் கிடைத்தது.

ஆனால் அவர் மனம் படிப்பில் நிற்கவில்லை. இங்கிலாந்து போரில் தவித்துக் கொண்டிருந்தது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. ஆகவே 1940-ல் கனடாவுக்குப் போய், அந்நாட்டு விமானப் படையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18.

வானில் பிறந்த கவிதை

1941-ல் இங்கிலாந்துக்கு வந்து, 'ஸ்பிட்பயர்' போர் விமானம் ஓட்டப் பழகினார். ஒரு நாள் 30 ஆயிரம் அடி உயரத்தில் பறந்தபோது கவிதை பிறந்தது. தரை இறங்கியதும் எழுதி முடித்தார். செப்டம்பரில் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தோடு அதையும் அனுப்பினார். 'ஹை பிளைட்' என்பது அதன் பெயர்.

டிசம்பர் 11-ந் தேதி. அமெரிக்கா போரில் இறங்கி மூன்றே நாள் ஆகியிருந்தது. லிங்கன்ஷயர் பகுதியில் பயிற்சியை முடித்துக்கொண்டு, மகீயும் தோழர்களும் மேகத்தின் இடைவெளி வழியாகக் கீழே இறங்கினார்கள். அப்போது அங்கே வந்த ஒரு பயிற்சி விமானத்தின் மீது மகீயின் விமானம் மோதியது.

மகீ கண்ணாடி மூடியைத் திறந்து வெளியே குதித்தார். பாரசூட் விரிய உயரம் போதவில்லை. அதே இடத்தில் உயிர் துறந்தார். மற்ற விமானத்தை ஓட்டிய இளைஞரும் இறந்தார்.

அழியாத அடிகள்

கடிதத்தோடு வந்த கவிதை உலகமெங்கும் பரவியது. 1986-ல் 'சேலஞ்சர்' விண்கலம் வெடித்து 7 பேர் இறந்தபோது, ஜனாதிபதி ரீகன் அந்தக் கவிதையின் சொற்களோடுதான் இரங்கல் உரையை முடித்தார்.

ஸ்காப்விக் என்ற கிராமத்தில் மகீயின் கல்லறை இருக்கிறது. கவிதையின் முதல் அடியும் கடைசி அடியும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

பெற்றோருக்கு மகன் திரும்பி வரவில்லை. அவர் அனுப்பிய 14 அடிகள் மட்டும் நிலைத்து நிற்கின்றன.