திருமயம் தந்த தீரர் சத்தியமூர்த்தி

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே காரைக்குடி செல்லும் சாலையில், கோட்டை மதில் சூழ்ந்த குன்றை அண்டி அமைந்த ஊர் திருமயம். குன்றின் சரிவில் பாறையைக் குடைந்து எடுக்கப்பட்ட குகைக் கோயில்கள் இரண்டு. ஒன்றில் சத்தியகிரீசுவரர் எழுந்தருளியுள்ளார். மற்றொன்று சத்தியமூர்த்திப் பெருமாளின் கோயில். அவ்வூரில் 1887-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19-ஆம் நாள் பிறந்த ஆண்மகவுக்கு அந்தப் பெருமாளின் திருப்பெயரே அமைந்தது. பின்னாளில் தமிழகம் அப்பெயருடன் 'தீரர்' என்ற அடைமொழியைச் சேர்த்து அழைத்தது.

சத்தியமூர்த்தி என்றதும் மேடை முழக்கமும் சட்டசபை வாதமுமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அவர் சென்னை மாநகராட்சியில் மேயராக இருந்த ஓராண்டின் பணி, அவருடைய பேச்சுகளைக் காட்டிலும் நெடுங்காலம் மக்களுக்குப் பயன்பட்டு வருகிறது. நகரசபை என்பது குழாய், சாக்கடை, வீடு, விளக்கு ஆகியவற்றின் மன்றம். நாடறிந்த நாவலர் ஒருவர் அந்த மன்றத்தைச் சிறிதெனக் கருதாமல் ஏற்றுக்கொண்ட வரலாறு நினைக்கத் தக்கது.

இளமையும் எழுச்சியும்

தந்தையார் சுந்தர சாஸ்திரியார் புதுக்கோட்டையில் வழக்கறிஞராக இருந்தவர். அவர் முன்னதாகவே காலமானதால் குடும்பப் பொறுப்பு இளம் வயதிலேயே சத்தியமூர்த்தியின் தோள்மேல் விழுந்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, சட்டக் கல்வியும் முடித்து வழக்கறிஞரானார்.

அன்றைய புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். வற்றாத ஆறு இல்லாத பூமி. 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களையும் ஊருணிகளையும் நம்பியே உழவும் குடியும் நடந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திவானாக இருந்த சேஷய்ய சாஸ்திரி, தலைநகரின் வீதிகளைச் சீர்செய்ததோடு புதுக்குளத்தையும் பல்லவன் குளத்தையும் செம்மைப்படுத்தினார். மழை பொய்த்தால் குளம் வற்றும், குளம் வற்றினால் ஊர் வாடும் என்பதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய மண்ணன்று அது.

1919-இல் காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக இங்கிலாந்து சென்றார். 1923-இல் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குச் சென்றபின், அவருடைய கேள்விகள் அரசின் உறக்கத்தைக் கெடுத்தன. 1928-இல் பாரதியார் பாடல் நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டபோது சபையில் அதை எதிர்த்து வாதாடியவர்களுள் முதன்மையானவர் இவர். கவிஞனுக்காக ஒரு சட்டசபை உறுப்பினர் நிகழ்த்திய அப்போர், தமிழ்க் கவிஞர்கள் என்றும் நன்றியோடு எண்ணத்தக்கது. சுகுண விலாச சபையில் நாடகம் நடித்த கலைஞரும் ஆவார். கே. பி. சுந்தராம்பாள் போன்ற மேடைக் கலைஞர்களைத் தேசியப் பிரசாரத்திற்கு அழைத்து வந்து, கூத்தாடிகள் என்று ஒதுக்கப்பட்டோர்க்குப் பொதுவாழ்வில் இடம் பெற்றுத் தந்தார்.

நிறைகளைச் சொல்லும்போது குறையை மறைத்தல் நேர்மையாகாது. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் முயன்றபோது அதை எதிர்த்து நின்றவர்களுள் சத்தியமூர்த்தியும் ஒருவர். கோயில் மரபு காக்கப்பட வேண்டும் என்பது அவர் வாதம். முத்துலட்சுமி ரெட்டியும் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவரே. அதே மகாராஜா கல்லூரியில் பயின்றவரே. ஓராண்டு இடைவெளியில் ஒரு சமஸ்தானம் ஈன்ற இருவர் எதிரெதிர் அணியில் நின்றனர். 1947-இல் சட்டம் நிறைவேறியபோது காலம் எவர் பக்கம் நின்றது என்பது விளங்கிற்று.

ரிப்பன் மாளிகையில்

1934-இல் சென்னை நகரத் தொகுதியில் ஏ. இராமசாமி முதலியாரை வென்று மத்திய சட்டசபைக்குச் சென்றார். 1937 மாகாணத் தேர்தலில் தமக்குரியதாகக் கருதப்பட்ட பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். ஆயினும் இராஜாஜி அமைத்த அமைச்சரவையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவருடைய அன்பர்கள் அதைப் பெருங்குறையாகவே கருதினர்.

இத்தகைய ஏமாற்றத்துக்குப் பின் அவருக்கு வாய்த்தது சென்னை மாநகராட்சி. 1688-இல் தோன்றிய அம்மன்றத்தில் மேயர் என்ற பதவி 1933-இல்தான் ஏற்பட்டது. 1936 தேர்தலில் காங்கிரஸ் அங்கே வலுப்பெற்றது. 1939 இறுதியில் சத்தியமூர்த்தி மேயரானார். பதவிக் காலம் ஓராண்டே.

அக்காலத்து நகரசபைத் தேர்தலில் எல்லோருக்கும் வாக்கு இல்லை. சொத்து, வரி, வாடகை ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்ட வாக்குரிமை அது. மாம்பலம் போன்ற புதுக் குடியிருப்புகளை மாநகராட்சி 1920-களில் திட்டமிட்டு அமைத்தது. ஆற்றங்கரைகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தோர்க்கு அவ்வீடுகள் எட்டாக்கனி. தெருக்குழாய் ஒன்றே அவர்களுடைய நீராதாரம். அக்குழாய் வறண்டால் முதலில் தவித்தவர்களும் அவர்களே. பெரும்பாலும் வாக்கற்றவர்களும் அவர்களே. வாக்கு கேட்கத் தேவையில்லாத மக்களின் தாகத்தையும் தன் பொறுப்பாகக் கொள்ளும் நகரத்தந்தையே அப்பெயருக்கு உரியவர்.

பூண்டி நீர்த்தேக்கம்

சென்னைக்கு முறையான குடிநீர்த் திட்டம் 1872-இல் வந்தது. கொசத்தலையாற்று நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் மறிக்கப்பட்டு, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியே கீழ்ப்பாக்கத்தை அடைந்தது. 1931-இல் சுமார் 6.47 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1941-இல் 7.77 லட்சமாயிற்று. ஏரிகளின் கொள்ளளவோ மக்கள்தொகைக்கு ஈடாகப் பெருகவில்லை. ஆற்றில் வெள்ளம் வரும் நாட்களில் நீர் கடலுக்குச் சென்றது. கோடையில் குழாய்கள் வறண்டன. ஆற்றின் மேற்பகுதியில் வெள்ளத்தைத் தேக்கி வைப்பதே வழி என்பது தெளிவு. பணமும் அரசின் இசைவுமே தடை.

அவர் மேயரான காலமோ மிக இக்கட்டானது. 1939 செப்டம்பரில் உலகப்போர் மூண்டிருந்தது. இந்தியரைக் கேளாமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்து அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. மாகாண ஆட்சி முழுவதும் கவர்னர் கைக்குப் போயிற்று. போர்ச் செலவே முதன்மையாக இருந்த அரசிடம், அவ்வரசை எதிர்க்கும் கட்சியின் முன்னணித் தலைவர் குடிநீர்த் திட்டத்துக்கு அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் பணிந்ததாகப் பேசுவர்; கேளாவிடில் நகரம் தவிக்கும்.

சத்தியமூர்த்தி கேட்டார். கொள்கையில் தளராமல், ஆட்சியாளரிடம் நகரின் தேவையை எடுத்துரைத்து இசைவு பெற்றார். சபைகளில் எதிர்ப்புக்குப் பயன்பட்ட அதே வாதத்திறன் இங்கே ஆக்கப்பணிக்குப் பயன்பட்டது. பதவியேற்ற சில மாதங்களுக்குள், 1940-இல், திருவள்ளூரை அடுத்த பூண்டியில் கொசத்தலையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஓராண்டுப் பதவியில், அதுவும் போர்க்காலத்தில், இது அரிய செயல்.

அதே 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவரானார் காமராஜர். 1936-இல் தாம் தலைவராக இருந்தபோது காமராஜரைச் செயலாளராக்கிய சத்தியமூர்த்தி, இப்போது தம் தொண்டரின் தலைமையில் தாமே செயலாளராகப் பணியாற்ற இசைந்தார். பதவியின் உயரத்தைப் பாராமல் பணியைப் பார்க்கும் இயல்பு, கட்சியிலும் நகரசபையிலும் ஒன்றாகவே விளங்கியது.

மறைவும் நிலைபேறும்

1942 ஆகஸ்ட் இயக்கத்தில் சிறைப்பட்டார். நாகபுரியிலிருந்து அமராவதிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்ட பயணத்தில் முதுகெலும்பில் ஏற்பட்ட காயம் அவரை வீழ்த்தியது. 1943 மார்ச் 28-ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது 55. அடுத்த ஆண்டில், 1944-இல், பூண்டி நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்தது. தாம் வாதாடிப் பெற்ற நீரை அவர் காணவில்லை, விடுதலையையும் காணவில்லை.

பிற்காலத்தில் அந்நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயரும், சென்னையில் காங்கிரஸ் மாளிகைக்குச் சத்தியமூர்த்தி பவன் என்ற பெயரும் அமைந்தன. அவர் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தம் கணவருடன் சேர்ந்து வாசகர் வட்டம் என்ற பதிப்பகத்தை நடத்தி, 'நடந்தாய் வாழி காவேரி' முதலிய நூல்களைத் தமிழுக்குத் தந்தார். பேச்சால் வாழ்ந்தவரின் இல்லத்திலிருந்து எழுத்துக்கும் ஒரு கொடை வந்தது.

இன்று பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996-இல் கிருஷ்ணா நதிநீர் தமிழ்நாட்டுக்கு வந்தபோது அதை முதலில் ஏற்றதும் பூண்டியே. 2019 கோடையில் சென்னை ஏரிகள் ஏறத்தாழ வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிகளுக்காகக் காத்து நின்றபோது, அவர் எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை என்பது புலனாயிற்று. குடிக்க நீரும் குடியிருக்க இடமும் எல்லோர்க்கும் கிடைக்கச் செய்வது இன்றும் ஒவ்வொரு நகரசபையின் முதற்கடன். 1912-இல் நகராட்சியாகிய புதுக்கோட்டைக்கும் அக்கடன் உண்டு. கண்மாய் மண்ணில் பிறந்து, தலைநகரின் தாகம் தீர்க்க உழைத்த திருமயத்து மைந்தரை இம்மாவட்டம் மறவாது போற்றுதல் முறையாகும்.