பாட்டால் குழந்தை நெஞ்சைப் பண்படுத்திய தூரன்

ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில், 1908ஆம் ஆண்டு, உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ம. ப. பெரியசாமித் தூரன். கீர்த்தனை ஆசிரியர் என்றும், தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் என்றும் அவரை நாடறியும். குழந்தைக் கல்விக்கு அவர் ஆற்றிய தொண்டே நம் இளைஞர்கள் சிறப்பாக அறியத்தக்கது.

சென்னையில் கணிதம் பயின்றுகொண்டிருந்த தூரன், 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டது கண்டு உள்ளம் கொதித்துப் பட்டத் தேர்வை எழுதாது விடுத்தார். கொங்கு நாடு திரும்பி ஆசிரியரானார். தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் நிறுவிய கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் பல்லாண்டு பணிபுரிந்தார். தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளையும் தொடக்கமுதலே ஏற்றுக்கொண்ட நிலையம் அது. பல ஊர்களில் பள்ளித் திண்ணையும் நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டிருந்த காலம் என்பதை நினைவிற் கொள்க.

பாடம் சொல்வதோடு தூரன் அமையவில்லை. கற்கும் பிள்ளையின் மனத்தையும் ஆராய்ந்தார். குழந்தை உள்ளம், தாழ்வு மனப்பான்மை ஆகிய பொருள்கள் பற்றி எளிய தமிழில் நூல்கள் எழுதினார். பிஞ்சு வயதில் இகழ்ச்சி கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு இப்பொருள்களின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஏட்டறிவு இல்லாதவர் வாயில் வழங்கிய நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்து, 'காற்றில் வந்த கவிதை' என்னும் நூலாக்கினார். இசை நுட்பம் அறிந்த அவர், மழலையர் பாடி ஆடத்தக்க பாட்டுகளும் கதைகளும் இயற்றினார். 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. பின்னர்க் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியத்தை உருவாக்கி, 1976இல் நிறைவு செய்தார். 1968இல் பத்மபூஷண் விருது பெற்ற அப்பெரியார் 1987இல் மறைந்தார்.

பாட்டு குழந்தைக்கு எவ்வாறு கல்வியாகிறது? கல், பல், நெல், சொல் என்று இசைத்துப் பாடும் குழந்தை, எழுத்தைக் காணுமுன்னரே ஒலியைப் பிரித்தறியப் பழகுகிறது. எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை நினைவுக்குக் கொணர்கின்றன. கைதட்டிப் பாடுகையில் எண்ணிக்கை படிகிறது. கூட்டமாகப் பாடும்போது கூச்சம் அகல்கிறது. தனித்து நிற்க அஞ்சும் பிள்ளையும் பத்துக் குரல்களுள் தன் குரலைத் துணிந்து எழுப்புகிறது.

எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தாலாட்டும், நடவுப் பாட்டும், ஏற்றப் பாட்டும் கேட்டு வளர்ந்த செவியோடு வருகிறது அப்பிள்ளை. அச்செல்வத்தை மதித்து ஏட்டில் ஏற்றியவர் தூரன்.

இளைஞர்களே! நம் தெருப் பாட்டிமார் பலர் மறைந்துவிட்டனர். அவர்தம் பாட்டுகளும் உடன் மறைகின்றன. எஞ்சியோரிடம் சென்று கேட்டு எழுதுங்கள். குழந்தைக்கு ஏற்றவற்றைத் தேர்ந்து நம் அங்கன்வாடிகளில் பாடச் செய்யுங்கள். தூரனுக்கு நாம் செய்யத்தக்க நன்றிக்கடன் அதுவே.