கப்பலோட்டிய தமிழன்: படம் முடிந்த பின்பு



கப்பலோட்டிய தமிழன் என்னும் திரைப்படத்தை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். ம. பொ. சிவஞானம் அவர்கள் எழுதிய வரலாற்று நூலை ஆதாரமாகக் கொண்டு, பி. ஆர். பந்துலு அவர்கள் 1961-ஆம் ஆண்டில் எடுத்த படம் அது. சிவாஜி கணேசன் வ. உ. சிதம்பரம் பிள்ளையாகவே மாறிப்போனார். ஆயினும் வெளிவந்த காலத்தில் படம் போட்ட பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்தப் பெரியவரின் ஜீவியத்திலும் இதுவே நடந்தது என்பதை நினைக்கும்போது நமக்கு வியப்பு உண்டாகாது.

செக்கிழுத்த காட்சியைக் கண்டு கண்ணீர் விடாதவர் இல்லை. ஆனால் ஒரு மனிதன் எப்படி மாறினான் என்பதை அறிய, படம் விரைவாய்க் கடந்துபோகும் பகுதியையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தகப்பனார் உலகநாத பிள்ளை வக்கீல். குடும்பத்தில் குறைவு ஏதும் இல்லை. பிள்ளையவர்கள் சைவ நெறியில் ஊன்றியவர்; என்றாலும் சிறு வயதில் நமது தூத்துக்குடி புனித சவேரியார் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் படித்தவர். பின்னர் தாமும் வக்கீலாகி, 1900-ஆம் ஆண்டையொட்டி இந்த நகருக்கு வந்து தொழில் நடத்தினார். அப்படியே இருந்திருந்தால் மாடி வீடும் குதிரை வண்டியுமாகச் சுகமாய் வாழ்ந்து முடித்திருப்பார். யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

முதல் மாற்றம் கடற்கரையில் நேர்ந்தது. அந்நாளில் பெரிய கப்பல்கள் நமது கரைக்கு வர ஆழம் கிடையாது. அவை தூரத்தில் நங்கூரமிடும்; தோணிகள் சரக்கையும் ஆட்களையும் கொண்டுபோய் ஏற்றும். உழைப்பு நம்மவருடையது, லாபம் வெள்ளையர் கம்பெனிக்கு. இதைக் கண்ட பிள்ளையவர்கள் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். சைவரும் முகமதியரும் பிறரும் பங்கு வாங்கினார்கள். மறு வருஷம் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்து கொழும்புக்கு ஓடின. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தார்கள். இலவசத்தை வேண்டாம் என்று சொல்லிக் காசு கொடுத்து நம் கப்பலில் ஏறியவர்களும் அன்று இருந்தார்கள் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாம் மாற்றம் ஆலை வாசலில் நேர்ந்தது. கோரல் மில் தொழிலாளருக்குச் சொற்பக் கூலி. வேலை நேரத்துக்கு எல்லை இல்லை. வார விடுமுறையும் இல்லை. 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். கப்பல் முதலாளி என்று பெயரெடுத்தவர் கூலிக்காரர் பக்கம் நின்றார். பட்டினி கிடந்தவர்களுக்கு உதவி திரட்டினார். மார்ச் முதல் வாரத்தில் ஆலை நிர்வாகம் இணங்கிற்று. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. இன்று ஞாயிறு ஓய்வை அனுபவிக்கிற நாம், அதற்காக இந்த ஊரில் ஒருவர் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

விலை உடனே கேட்கப்பட்டது. மார்ச் 12-இல் கைதானார். ஜூலை 7-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை இழுத்தார். மூன்றாம் மாற்றம் அங்கேதான் நேர்ந்தது. அது உள்ளத்துக்குள் நேர்ந்த மாற்றம். உடல் நொந்த நிலையிலும் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் நூலை மனம்போல வாழ்வு என்று தமிழாக்கினார். தம்மைச் சிறையிலிட்ட தேசத்தாரில் ஒருவர் எழுதியது என்று தள்ளவில்லை. நல்லது எங்கிருந்து வந்தாலும் நல்லதே என்று ஏற்றுக்கொண்டார்.

1912 டிசம்பர் 24-ஆம் நாள் கண்ணனூர்ச் சிறையிலிருந்து விடுதலையானார். முன்பு ஆயிரக்கணக்கில் திரண்ட ஜனங்கள் வரவில்லை. கம்பெனி கலைந்துவிட்டது. கப்பல்கள் கைமாறிவிட்டன. வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் போய்விட்டது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், வறுமை நீங்கவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்த தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய 347 ரூபாய் 12 அணாவை, காந்தியடிகளோடு பல கடிதங்கள் எழுதிக் காத்திருந்து 1916-இல்தான் பெற முடிந்தது. லட்சங்களைத் திரட்டியவர் சில நூறு ரூபாய்க்காகக் காத்திருந்தார்.

பின்னர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமை திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தம்மைத் தண்டித்ததும் ஓர் ஆங்கிலேய நீதிபதிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். பகையை நெஞ்சில் சுமந்தவன் இப்படிப் பெயர் வைப்பானா? கோவில்பட்டியில் தொழில் நடத்தி, 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதினார். தம் உயிலிலே தாம் தீர்க்க வேண்டிய கடன்களையும் மறைக்காமல் குறித்துவைத்தார். 1936 நவம்பர் 18-ஆம் நாள், தம் விருப்பப்படியே காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் நீத்தார்.

இன்று நமது துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிலையும் இருக்கிறது, சாலையும் இருக்கிறது. இவை எல்லாம் நல்லவையே. ஆனால் 1912-இல் அந்தச் சிறை வாசலுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதே நம் மனச்சாட்சி கேட்கும் கேள்வி.

நமது தெருக்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஊருக்காகப் பேசி வேலையை இழந்தவர் இருப்பார். சங்கத்துக்காக அலைந்து கடன்பட்டவர் இருப்பார். வழக்கில் சிக்கித் திரும்பிவந்து, யார் முகத்திலும் விழிக்க வெட்கப்படுகிறவர் இருப்பார். அவர்கள் இறந்த பின்பு மாலை போடுவது எளிது. உயிரோடு இருக்கும்போது ஒரு மூட்டை அரிசியும் ஒரு நல்ல வார்த்தையும் கொடுப்பதே அரிது.

ஆகையால் பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து அந்தப் படத்தைப் பாருங்கள். முடிந்ததும் எழுந்து போய்விடாமல், மீதிக் கதையை நீங்களே சொல்லுங்கள். அதன் பின் உங்கள் தெருவில் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று பிள்ளைகளையே கேளுங்கள். அவர்கள் சொல்லும் வீட்டுக்கு அவர்களைக் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள்.