தீர்மானம் வேற, சட்டம் வேற: முத்துலட்சுமி அம்மையார் கதை

மலருக்கு ஆளுக்கு ஒரு தலைவரைப் பத்தி எழுதணும்னு கூட்டமைப்புக் கூட்டத்தில் சொன்னப்ப, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். பேரு நமக்குப் புதுசு இல்லை. வீட்டில் ஒரு பொண்ணு மாசமானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிஞ்சு, பாஸ்புக் நகல் கொடுத்து மகப்பேறு உதவிப் பணம் வாங்குறோமே, அந்தத் திட்டம் இவங்க பேரில்தான் இருக்கு. என் மருமகளுக்குப் படிவம் நிரப்பினப்ப, இவங்க யாரு அத்தைன்னு அவ கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. அப்புறம் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தாங்க. அப்பா நாராயணசாமி அய்யர், படிப்பு சொல்லிக் கொடுத்தவர். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பம். பொம்பளைப் பிள்ளை வயசுக்கு வந்தா வீட்டை விட்டு வெளியே விடாத காலம் அது. ஆம்பளைப் பிள்ளைகள் படிச்ச மகாராஜா கல்லூரியில் இவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு எதிர்ப்பு வந்துச்சு. புதுக்கோட்டை மன்னர் சேர்க்கச் சொன்னார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கிட்டாங்க. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க.

1926-ல் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமனம் ஆச்சு. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண் இவங்க. சபையின் துணைத் தலைவராவும் தேர்ந்தெடுத்தாங்க. நான் அதிகமா எழுத நினைச்சது இதுக்கு அப்புறம் நடந்ததைத்தான்.

சின்னப் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுற வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேணும்னு 1927 நவம்பரில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தாங்க. சபை ஏத்துக்கிச்சு. அத்தோட முடிஞ்சதுன்னுதான் நான் முதலில் நினைச்சேன். ஆனா தீர்மானம் வேற, சட்டம் வேற. நம்ம குழுவில் இன்னாருக்குக் கடன் கொடுக்கலாம்னு தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டா, பணம் கைக்கு வந்துடுதா? கூட்டமைப்புக்குப் போகணும், பேங்குக்குப் போகணும், மேனேஜர் கையெழுத்துப் போடணும். சபை போடுற தீர்மானமும் அப்படித்தான். அரசாங்கத்தைக் கேட்டுக்கிறோம்னு அர்த்தம், அவ்வளவுதான். அதை வச்சு யாரையும் தடுக்க முடியாது.

அம்மையார் ஒரு யோசனை பண்ணினாங்க. பொட்டுக் கட்டின பெண்களுக்குக் கோயில் மானிய நிலம் இருந்துச்சு. ஊழியத்தை விட்டா நிலம் போயிடும். அந்தப் பயத்திலேயே அடுத்த தலைமுறைப் பிள்ளைக்கும் பொட்டுக் கட்டினாங்க. இனி ஊழியம் செய்யாட்டியும் நிலம் அந்தப் பெண்ணுக்கே சேரும்னு, 1929-ல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறுச்சு. ஆளைத் திட்டாம, முடிச்சு எங்கே இருக்குன்னு பார்த்து அதை அவிழ்த்திருக்காங்க. இந்த இடத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன்.

பொட்டுக் கட்டுறதையே தடுக்கிற மசோதாவை 1930-ல் கொண்டு வந்தாங்க. மக்கள் கருத்துக் கேக்க வெளியே அனுப்பினாங்க. அதுக்குள்ள உப்பு சத்தியாகிரகத்தில் காந்தியைக் கைது பண்ணவும், இவங்க பதவியை விட்டு விலகிட்டாங்க. மசோதா அப்படியே நின்னு போச்சு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போல பலபேர் வெளியே ஊர் ஊராப் பேசிக்கிட்டே இருந்தாங்க. கடைசியா ஓமந்தூரார் முதலமைச்சரா இருந்த 1947-லதான் சட்டம் வந்துச்சு. முதல் தீர்மானத்திலிருந்து கணக்குப் பார்த்தா 20 வருஷம். (ஓமந்தூராருக்கு அடுத்து முதலமைச்சரானவர் நம்ம ராஜபாளையம் குமாரசாமி ராஜா.)

அதே காலத்தில் டெல்லியில் குழந்தைக் கல்யாணத் தடை மசோதா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கும் அம்மையார் ஆதரவாப் பேசினாங்க. ஹர்பிலாஸ் சாரதா 1927-ல் கொண்டு வந்தது. குழு உட்கார்ந்து திருத்துச்சு, ஊர் ஊராப் போய் விசாரிச்சாங்க, 1929 செப்டம்பரில் மத்திய சட்டசபை நிறைவேத்துச்சு. அப்புறம் மேல்சபை, அப்புறம் வைசிராய் கையெழுத்து. அமலுக்கு வந்தது 1930 ஏப்ரல் 1. அந்த இடைவெளியில் அவசர அவசரமா எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாலி கட்டி முடிச்சுட்டாங்க.

இன்னைக்கும் வழி ஏறக்குறைய அதேதான். மசோதாவை ஒரு அவையில் வைக்கணும், தேவைப்பட்டா குழுவுக்கு அனுப்பணும், ஒவ்வொரு பிரிவா ஓட்டுப் போடணும். மக்களவை, மாநிலங்களவை ரெண்டும் நிறைவேத்தி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்து, அரசிதழில் வந்து, அமல் தேதியும் வரணும். நடுவில் மக்களவை கலைஞ்சா, அங்கே நிக்கிற மசோதா காலாவதி. பெண்ணுக்குக் கல்யாண வயசு 21 ஆகுதுன்னு 2021 டிசம்பரில் டிவியில் சொன்னது ஞாபகம் இருக்கா? சட்டம் வந்துருச்சுன்னே நம்ம தெருவில் பேசிக்கிட்டோம். அது குழுவுக்குப் போச்சு, 2024-ல் மக்களவை கலைஞ்சதும் காலாவதி ஆயிடுச்சு. இப்பவும் 18தான்.

அந்த 18 வந்தது 1978-ல். எனக்குக் கல்யாணம் ஆனது 1989-ல், 15 வயசில். சட்டம் வந்து 11 வருஷம் ஆகியிருந்தும் எங்க வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா பத்தாவது பரீட்சை எழுதியிருப்பேன். போன தை மாசம் நம்ம உறுப்பினர் ஒருத்தர் மகளுக்குப் பத்திரிகை அடிக்கப் போனப்ப, நாலு பேர் போய் பள்ளிக்கூடச் சான்றிதழைக் கேட்டோம். 17 வயசு. முதலில் சண்டைதான். மூணாம் நாள் அவரே வந்து, தள்ளி வச்சுட்டோம்னு சொன்னார். அந்தப் பொண்ணு இப்ப ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் படிக்குது.

அம்மையார் பதவியை விட்ட பிறகும் சும்மா இருக்கலை. போக்கிடம் இல்லாம வந்த பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வச்சுக்கிட்டாங்க. அவ்வை இல்லம் அப்படித்தான் ஆரம்பமாச்சு. தங்கச்சி புற்றுநோயில் இறந்த துக்கத்தை மறக்காம, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்க வச்சாங்க. 1968-ல் 81 வயசில் காலமானாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்ம குழு அக்கா ஒருத்தரைப் பொதிகை ரயிலில் கூட்டிக்கிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அதைக் கட்டினது யாருன்னு அப்ப எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. மலர் வந்ததும் முதல் பிரதியை அந்த அக்காகிட்ட கொடுக்கணும்.