ஸர் ரொனால்டு ராஸ்

கண்மாய் நிறைந்தால் நம் மதுரைச் சமவெளியில் வயல் செழிக்கும். உடன் கொசுவும் பெருகும். அச்சிற்றுயிர் விளைக்கும் கேட்டைக் கண்டறிந்து, அதனைத் தடுக்கும் வழியைக் கணிதத்தாற் காட்டிய அறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

ராஸ் 1857-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தார். இளமையில் அவருள்ளம் கவிதையிலும் இசையிலும் ஓவியத்திலுமே தோய்ந்திருந்தது. எனினும் தந்தையார் விருப்பத்திற்கிணங்கி லண்டனில் மருத்துவம் பயின்றார். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் அமர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். இங்கே ஓய்வு நேரங்களில் ஆசிரியரின்றித் தாமே கணிதநூல்களைக் கற்றுத் தேர்ந்தார். 1883-இல் பெங்களூரில் தம் இல்லத்தருகே தேங்கிய தொட்டிநீரிற் கொசுப்புழுக்கள் நெளியக் கண்டு, அந்நீரைக் கவிழ்த்தார், கொசுத்தொல்லை குறைந்தது. பிற்காலத்து அவர் கொள்கைக்கு இதுவே வித்தாயிற்று.

1894-இல் லண்டனில் பாட்ரிக் மான்ஸன் என்னும் மருத்துவரிடம், மலேரியாச் சுரத்திற்கும் கொசுவிற்கும் தொடர்புண்டு என்னும் கருத்தைக் கேட்டறிந்தார். மீண்டும் இந்தியா போந்து ஈராண்டிற்கு மேலாகக் கொசுக்களை அறுத்து நோக்கியும் பயன் கிட்டவில்லை. ஈற்றில் 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்தராபாத்தில், ஹுஸேன் கான் என்னும் நோயாளியின் குருதியை உண்ட அனாபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரிற் சுரக்கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில், பறவைகளைத் தாக்கும் மலேரியாவைக்கொண்டு, கொசுக்கடியே நோயைப் பரப்புகிறதென நிலைநாட்டினார். 1902-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சிற்று. லாகூரை அடுத்த மியான் மீரிற் செய்த கொசு ஒழிப்பு முயற்சி பயன்தரவில்லை எனப் பலர் கூறினர். ஒரு கொசுவும் எஞ்சாமல் அழித்தல் எவர்க்கும் இயலாதாகலின், இம்முயற்சியே வீண் என்றனர். ராஸ் தளரவில்லை, மொரீஷியஸ் தீவில் ஆராய்ந்து 1908-இல் வெளியிட்ட அறிக்கையிலும், பின்னர் 1911-இலும், கணிதத்தால் விடைகூறினார். ஒரு நோயாளியிடமிருந்து ஒருவர்க்குக் குறைவாகவே நோய் பரவுமாயின், அந்நோய் தானே தேய்ந்தொழியும். ஆதலின் கொசுக்களை முற்றும் அழித்தல் வேண்டா. ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தலே போதும் என்பது அவர் முடிபு.

இதனுள் மற்றொரு நுட்பமும் உண்டு. கொசு உண்ட கிருமி முதிர்ந்து பிறரைத் தாக்கப் பத்து நாட்களோ அதற்கு மேலோ செல்லும். இக்காலத்தாழ்வை ராஸின் சமன்பாடுகளிற் சேர்த்து, ஷார்ப், லோட்கா என்னும் இருவர் 1923-இல் ஆராய்ந்தனர். 1950-களில் ஜார்ஜ் மக்டொனால்டு என்பார், கிருமி முதிருமுன் கொசு மாண்டால் நோய் பெரிதும் தணியும் என்று காட்டினார். வீட்டுச் சுவர்களில் மருந்து தெளிக்கும் முறைக்கு இக்கணக்கு அரண் செய்தது.

ராஸ் முன்கோபியர், இத்தாலிய அறிஞர் கிராஸியோடு நெடுங்காலம் பூசலிட்டார். அக்குறை இருந்தும் அவர் விடாமுயற்சி போற்றத்தக்கது. 1932 செப்டம்பர் 16-ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். 1980-களில், நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் நிலையமொன்றை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் நம் மதுரையிலேயே நிறுவினர். நம் நெல்வயற் கொசுக்கள் அங்கே எண்ணி ஆராயப்பட்டன. கவிதையும் கணிதமும் ஒருவர் நெஞ்சில் ஒருங்கே வாழ இயலும் என்பதற்கு ராஸே சான்று. இலக்கியம் பயிலும் நாமும் எண்ணைப் புறக்கணியாது, எழுத்தோடு கண்ணெனப் போற்றுவோமாக.